திமிங்கிலத்தின் முதுகில் ஒரு பலீஸ்

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு ‘பலீஸ்’ என்ற சொல் தெரிந்திருக்கும். கப்பலுக்கு வழி தெரிய நீரில் மிதக்க விடுகிற அடையாளக் குறி அது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இப்போது அதே சொல்லை வேறு அர்த்தத்தில் கேட்கிறேன். யானை சீலின் தலையில் ஒட்டுவது பலீஸ், திமிங்கிலத்தின் துடுப்பில் சுட்டுப் பதிப்பதும் பலீஸ். ஒரே இடத்தில் நின்று கப்பலுக்கு வழி சொன்ன பொருள், இப்போது ஓர் உயிரின் மேல் ஏறிக்கொண்டு அது போகும் வழியை ஊருக்குச் சொல்கிறது. தமிழில் நிலைத்த சொல் இதற்கு இன்னும் வரவில்லை. எல்லோரும் ‘டேக்’ என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் அசாமில் ஒரு கங்கை டால்பினுக்கு டேக் போட்டு விட்டார்கள். இந்த இனத்துக்கு உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. எங்கள் காலை நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்ததும் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் மட்டும் “அதுக்கு வலிக்காதா சார்?” என்று கேட்டிருந்தார். யாரும் பதில் போடவில்லை. பென்ஷன்காரனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? நான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டேக் கூடவே கூடாது என்பது என் கட்சி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேக் அனுப்பும் கணக்கை எவ்வளவு அக்கறையாக எழுதுகிறார்களோ, அதே அக்கறையோடு டேக் சுமக்கிற பிராணியின் கணக்கையும் எழுத வேண்டும் என்கிறேன். எண்ணிக்கை சுருங்கிப்போன இனத்தில், உடம்பைத் துளைக்கும் டேக் என்பது வேறு எந்த வழியும் இல்லாதபோது தொடவேண்டிய ஒன்று என்றும் சொல்கிறேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆர்கோஸ் என்று ஒரு செயற்கைக்கோள் ஏற்பாடு 1978-இலிருந்து இருக்கிறது. பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து தொடங்கியது. கணக்கெல்லாம் துலூஸ் நகரத்துக்குப் போய்ச் சேருகிறது. (நம் ஊர் சொல்தா குடும்பங்களில் பாதிப் பேருக்குத் துலூஸில் ஒரு மாமனோ மருமகனோ இருப்பான். அவர்கள் பக்கத்திலேயே உலகத்துத் திமிங்கிலங்களின் முகவரிப் புத்தகமும் இருக்கிறது!) கிரேக்கக் கதையில் நூறு கண்ணுள்ள காவல்காரன் பெயரும் ஆர்கோஸ்தான். அசாம் டால்பினின் டேக்கும் இந்த ஆர்கோஸோடுதான் பேசுகிறது. தண்ணீருக்குள்ளிருந்து ரேடியோ அலை மேலே வராது. பிராணி மூச்சு விட மேலே வரும் அந்தச் சில விநாடிகளில்தான் டேக் பேச முடியும். கங்கை டால்பின் மேலே தலை காட்டுவது 5 முதல் 30 விநாடி வரைதான். ஆகவே டேக் தண்ணீருக்கு வெளியே தெரிகிற இடத்தில், அதாவது தலையிலோ முதுகுத் துடுப்பிலோ இருந்தாக வேண்டும். சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சீலுக்கு ரோமம் உண்டு. ரோமத்தில் பசை போட்டு ஒட்டிவிடலாம். வருஷத்துக்கு ஒருமுறை அது ரோமம் உதிர்க்கும்போது டேக்கும் உதிர்ந்துவிடும். உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. டால்பினுக்கும் திமிங்கிலத்துக்கும் ரோமம் இல்லை, பசை நிற்காது. ரப்பர் கிண்ணம் வைத்து உறிஞ்சி ஒட்ட வைத்தால் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாளில் விழுந்துவிடும். வாரக்கணக்கில் நிற்க வேண்டுமானால் துளைத்துத்தான் ஆகவேண்டும். படகில் நின்று, காற்றுத் துப்பாக்கியால் சுட்டு, முள் வைத்த ஊசியை உள்ளே இறக்குகிறார்கள். முள் உள்ளே போய் விரிந்து பிடித்துக்கொள்ளும். மீன் தூண்டிலின் கொக்கிக்கும் இதற்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நைஜல் கதைக்கு வருகிறேன். படித்ததிலேயே என்னை அதிகம் உட்கார வைத்தது இதுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் கனடாவும் சேருகிற கடலோரத்தில் ஓர்க்கா திமிங்கிலக் கூட்டம் ஒன்று வாழ்கிறது. கொலைகாரத் திமிங்கிலம் என்று நாம் பெயர் வைத்த இனம். ஆனால் இந்தக் கூட்டம் சாப்பிடுவது மீன்தான், அதிலும் முக்கியமாகச் சினூக் சால்மன். 1960-களிலும் 70-களிலும் வேடிக்கைக் காட்சிக் குளங்களுக்காக இவற்றின் குட்டிகளை வலை போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னால் சால்மனும் குறைந்தது, கப்பல் இரைச்சலும் ரசாயனக் கழிவும் கூடின. 2016-இல் மிஞ்சியிருந்தவை எண்பதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எல்-95 என்ற ஆணுக்கு வயது 20. நைஜல் என்று செல்லப் பெயர்.

குளிர்காலத்தில் இந்தக் கூட்டம் உள்கடலை விட்டு வெளிக்கடலுக்குப் போய்விடும். எங்கே போகிறது, எங்கே சாப்பிடுகிறது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காப்பாற்ற முடியாது. இந்த நியாயத்தில் அமெரிக்க அரசின் கடல்வளத் துறையான நோவா சில ஓர்க்காக்களுக்கு டேக் போட்டு வந்தது. 2016 பிப்ரவரி 24 அன்று எல்-95-இன் முறை வந்தது. முதல் சுடுதலில் குறி தப்பி டேக் கடலில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து மறுபடி சுட்டார்கள். இம்முறை பதிந்தது. மூன்று நாள் சமிக்ஞை வந்து நின்றுவிட்டது. மார்ச் மாதக் கடைசியில், வான்கூவர் தீவின் மேற்குக் கரையோரத்தில், நூட்கா தீவுக்கு அருகே எல்-95 பிணமாக மிதந்தது. டேக் கழன்று போயிருந்தாலும் முள்ளின் துண்டுகள் துடுப்புக்குள்ளேயே தங்கியிருந்தன.

அறுத்துப் பார்த்தவர்கள் பூஞ்சைத் தொற்று என்றார்கள். 2021-இல் கொரோனாவின் இரண்டாவது அலையில் ‘கருப்புப் பூஞ்சை’ என்று நாம் நடுங்கினோமே, அதே குடும்பத்துப் பூஞ்சை. டேக் குத்திய காயம் அது உள்ளே நுழைய வழி திறந்திருக்கலாம், அங்கிருந்து ரத்தத்தில் பரவியிருக்கலாம் என்று நிபுணர்கள் எழுதினார்கள். டேக் கொஞ்சம் தாழ்வாக, பெரிய ரத்தக் குழாய்கள் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் பதிந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இன்னொன்று: கடலில் விழுந்து எடுத்த டேக்கை ஆல்கஹாலால் மட்டும் சுத்தம் செய்திருக்கிறார்கள். விதிமுறைப்படி ப்ளீச்சும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் நான். இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்தேன். விதிமுறையில் எழுதி வைத்த ஒரு வரி, அவசரத்தில் விட்டுப் போன ஒரு வரி. படகு ஆடுகிறது, குளிர் அடிக்கிறது, திமிங்கிலம் போய்விடும் என்ற பதற்றம். மேசையில் உட்கார்ந்துகொண்டு அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எழுபதாயிரம் இருக்கிற இனத்தில் இப்படி ஒரு வரி விட்டுப் போனால் இனம் தாங்கும். எண்பது இருக்கிற இனத்தில், பிள்ளை பெறச் செய்யும் வயதில் இருக்கும் ஓர் ஆண் போவது குடும்பத்துக் கணக்கில் பெரிய கழித்தல். கவனப்பிசகுக்கு இடமே இல்லாத வேலையை, கவனப்பிசகு வராமல் இருக்கவே முடியாத ஆடும் படகில் செய்கிறார்கள். என் ஆட்சேபம் இதில்தான். அந்த ஆளின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதே நோவாவை நான் பாராட்டவும் வேண்டும். அந்த ப்ளீச் விஷயத்தை அவர்களே அறிக்கையில் எழுதி வெளியிட்டார்கள். தங்கள் துறையின் பிசகைத் தாங்களே கோப்பில் ஏற்றினார்கள். டேக் போடுவதை நிறுத்தி வைத்தார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு அபூர்வம் என்று. நம் பக்கத்தில் என்றால் அந்த ஒரு தாள் மட்டும் கரையான் அரித்திருக்கும்.

கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நியாயவான் இல்லை. அந்த டேக்குகள் சொல்லித்தான் இந்த ஓர்க்காக்கள் குளிர்காலத்தில் கலிபோர்னியா வரைக்கும் இறங்கிப் போவது நன்றாக விளங்கியது. அந்தக் கணக்கும் சேர்ந்துதான் 2021-இல் வாஷிங்டன் முதல் கலிபோர்னியா வரை சுமார் 41,000 சதுர கிலோமீட்டர் கடல், அவற்றின் வாழ்விடமாகச் சட்டப் பாதுகாப்பில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. நைஜலின் கூட்டத்துக்கே திரும்பி வந்த பலன் இது. வேறு உதாரணமும் உண்டு. 2011-இல் ரஷ்யாவின் சகாலின் தீவருகே டேக் போட்ட வர்வாரா என்ற சாம்பல் திமிங்கிலம், பசிபிக் கடலைக் கடந்து மெக்சிகோ வரை போய்த் திரும்பியது. போக வர சுமார் 22,500 கிலோமீட்டர். மேற்குக் கூட்டம் கிழக்குக் கூட்டத்தோடு ஒட்டாத தனிக் கூட்டம் என்று அதுவரை நினைத்திருந்தது ஆட்டம் கண்டது. துளைக்காமல் இதை அறிந்திருக்க முடியாது என்று சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

சாவு ஒரு கடைசி எல்லை. அதற்கு இந்தப் பக்கத்தில் சின்னச் சின்ன விளைவுகள் இருக்கின்றன, அவை சுலபத்தில் கண்ணில் படுவதில்லை.

போன வருஷம் நெஞ்சுத் துடிப்பைப் பார்க்க எனக்கு 24 மணி நேரம் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டார்கள். மார்பில் ஐந்தாறு ஒட்டுப் பட்டை, இடுப்பில் பெட்டி. “வழக்கம்போல இருங்க ஐயா” என்றது அந்த நர்ஸ் பெண். எப்படி வழக்கம்போல இருப்பது? குளிக்கவில்லை, குனியவில்லை, மாடிப்படி ஏறவில்லை, பேரனைத் தூக்கவில்லை. பட்டை அரித்தது, தூக்கம் வரவில்லை. மறுநாள் டாக்டர் படித்தது பெட்டி கட்டிய மனிதனின் இருதயத்தை.

டால்பினும் இதையேதான் செய்கிறது. ஹவாயில் பழக்கிய டால்பின்களுக்கு உறிஞ்சு கிண்ண டேக் ஒட்டி நீந்த விட்டுப் பார்த்து 2014-இல் எழுதினார்கள். டேக் இருக்கும்போது அவை சுமார் 11 சதவீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டன. தண்ணீரில் கனம் பெரிய விஷயம் இல்லை. இழுவைதான் விஷயம். வழவழப்பான உடம்பில் ஒரு புடைப்பு வந்தால் தண்ணீர் அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். அதிகம் செலவழிக்காமல் இருக்க டால்பின் மெதுவாகப் போகப் பழகிக்கொண்டது, நாம் விலைவாசி ஏறினால் காய்கறியைக் குறைத்துக்கொள்வது மாதிரி. குளத்தில் அது சரி. கடலில் இரை மெதுவாகப் போகுமா? அண்டார்டிக் கடலில் ரோம சீல் தாய்களுக்குக் கருவி ஒட்டிப் பார்த்தவர்கள், அவை இரை தேடிப் போய்த் திரும்ப அதிக நாள் எடுத்ததை 1990-களில் எழுதியிருக்கிறார்கள். தாய் வரத் தாமதமானால் கரையில் குட்டி பட்டினி கிடக்கும். டேக் தாயின் மேல், பசி குட்டிக்கு.

யானை சீல் விஷயம் வேறு. பெண்ணே பல நூறு கிலோ இருக்கும், தலையில் ஒட்டுவது அரைக் கிலோ சுமார். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே மக்வாரி தீவில் டேக் போட்டவற்றையும் போடாதவற்றையும் ஒப்பிட்டார்கள். எடை கூடுவதிலும் உயிர் பிழைப்பதிலும் வித்தியாசம் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கெர்கெலென் தீவில் யானை சீல் தலையில் ஒட்டும் கருவி, ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய், கப்பல் நுழைய முடியாத பனிக்கடலின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து வருகிறது. அதற்கு நான் கைதட்டுவேன். (இந்த முங்கலை அளக்கும் வேலையை 1960-களில் ஆரம்பித்த ஜெரால்ட் கூய்மன், வெடெல் சீலின் முதுகில் சமையலறை டைமரை வைத்துச் செய்த கருவியைக் கட்டினாராம். இட்லிக்கு வைக்கிற கடிகாரம் எங்கே போயிருக்கிறது பாருங்கள்.)

அதே மக்வாரி தீவில் இன்னொன்றும் நடந்தது. 1990-களில் ஆயிரக்கணக்கான யானை சீல் குட்டிகளுக்கு இரும்பைக் காய்ச்சி எண் போட்டார்கள். மாட்டுக்குச் சூடு போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அந்த வாசனை நமக்குத் தெரியும். புண் ஆறாத குட்டிகளின் படம் வெளியே வந்ததும் ஊர் கொதித்தது. 2000-இல் அமைச்சர் நிறுத்தினார். சூடு போட்டதால் சாவு அதிகமாகவில்லை என்று விஞ்ஞானிகள் பின்னால் எண்களைக் காட்டினார்கள். எண்கள் உண்மையாகவே இருக்கட்டும். சாகவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிழைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சௌக்கியம் என்றால், நம் வயதில் யாருக்கும் மருந்துச் சீட்டு தேவைப்படாது.

பாலூட்டி இல்லைதான், ஆனாலும் பெங்குவின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. க்ரோசே தீவுகளில் ராஜ பெங்குவின்களின் இறக்கையில் உலோக வளையம் மாட்டி வந்தார்கள். இவான் ல மாஓ முதலிய பிரெஞ்சு விஞ்ஞானிகள் வளையம் மாட்டியவை ஐம்பது, மாட்டாதவை ஐம்பது என்று வைத்துப் பத்து வருஷம் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. வளையக்காரர்கள் பெற்ற குஞ்சு 39 சதவீதம் குறைவு. பிழைத்த விகிதம் 16 சதவீதம் குறைவு. அப்படியென்றால் வளையம் மாட்டிய பறவைகளை எண்ணிப் பார்த்து ‘கடல் மாறுவதால் பெங்குவின் குறைகிறது’ என்று எழுதிய கணக்குகளில் எவ்வளவு கடல், எவ்வளவு வளையம்? பிராணிக்குத் தீங்கு என்பது ஒரு பக்கம். பொய்க் கணக்கு என்பது இன்னொரு பக்கம். டேக்கின் விளைவை அளக்காதவன் தன் சொந்தக் கணக்கையே நம்ப முடியாது.

சரி, துளைக்காமல் என்ன செய்வது? அதற்கும் அந்த ஓர்க்கா ஊரே பதில் சொல்கிறது. 1970-களில் கனடாவில் மைக்கேல் பிக் என்பவர், ஒவ்வோர் ஓர்க்காவின் துடுப்பு வெட்டும், முதுகிலுள்ள சாம்பல் திட்டும் தனித்தனி என்று கண்டு, போட்டோவை வைத்தே ஆளுக்கு ஆள் பெயர் சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை. இன்றைக்கு அந்தக் கூட்டத்தின் குடும்ப மரமே போட்டோவில்தான் நிற்கிறது. கடலடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பேச்சு வழக்கு இருப்பதால் குரலிலேயே யார் போனது என்று தெரிகிறது. டக்கர் என்று ஒரு நாய் படகின் மூக்கில் நின்று, திமிங்கிலச் சாணம் மிதக்கும் திசையை மோப்பம் பிடித்துச் சொன்னது. அதை அள்ளி வந்து பரிசோதித்தால் சாப்பாடு, கர்ப்பம், மன உளைச்சல் எல்லாம் தெரியும். ஒரு முள்கூடக் குத்தாமல்! இவை மெதுவான வேலை, ஆள் பலம் வேண்டும், படம் பார்த்தால் பிரமிப்பாக இருக்காது. பணம் கொடுக்கிறவர்களுக்கு வரைபடத்தில் நகரும் புள்ளிதான் பிடிக்கிறது.

இது நம் கடலுக்கும் வரும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவில் கடல்பசுவின் வாலடியில் ஒரு பட்டை கட்டி, நீளக் கயிற்றில் மிதவையோடு டேக்கை இழுத்துப் போக விடுகிறார்கள். எங்காவது சிக்கினால் அறுந்துவிடுகிற மாதிரி ஓர் இணைப்பை வேண்டுமென்றே பலவீனமாக வைக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் நம் கரையில் வலை எவ்வளவு நெருக்கம் என்று மீனவர்களைக் கேட்டுவிட்டு அந்தக் கயிற்றைக் கட்டுங்கள் என்பேன்.

வாட்ஸ்அப் நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வலிக்கும். எவ்வளவு என்பது டேக்கைப் பொறுத்தது, உடம்பைப் பொறுத்தது, போட்டவரின் கையைப் பொறுத்தது. அசாமில் ஆரோக்கியமான ஓர் ஆண் டால்பினாகப் பார்த்து, கால்நடை மருத்துவர் மேற்பார்வையில், எடை குறைந்த டேக்காகப் போட்டிருக்கிறார்கள். அந்த மட்டில் திருப்தி. எனக்குத் தெரிய வேண்டியது டேக் கழன்று விழுந்த பிறகு நடப்பது. அந்த டால்பினை மறுபடி யாராவது தேடிப் பார்ப்பார்களா, டேக் இருந்த இடம் ஆறியதா, டேக் இருந்தபோது அது மற்றவற்றோடு சேர்ந்து திரிந்ததா, அடுத்து டேக் போடப்போகிறவை எத்தனை, ஒன்றுக்குக் கெட்டது நேர்ந்தால் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களா. இந்த நாலையும் கேட்டு, டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, போன வெள்ளிக்கிழமை ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன்.